மியூசியம் பார்க்க எவ்வளவு செலவாகும்?

நான் பி.காம். படிக்கிறவள். எதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் கை முதலில் வரவு செலவுக் கணக்குக்குத்தான் போகும். இந்தத் தடவை கணக்கு இது: கீழ்வேளூரிலிருந்து இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மியூசியத்தையோ, பழைய கோட்டையையோ, கோயில் ஓவியத்தையோ காட்டிவிட்டு வீடு திரும்ப எவ்வளவு ஆகும்? "அதெல்லாம் வசதி உள்ளவங்க செய்யுற வேலை" என்று எங்கள் தெருவில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கூடப் படிக்கும் தோழிகள்கூட அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. செலவே இல்லை என்று சொல்ல வரவில்லை. செலவை நாம் தப்பான தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்கிறேன்.

முதலில் நுழைவுச் சீட்டு. தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் போக யாருக்கும் கட்டணம் கிடையாது. மத்தியத் தொல்லியல் துறை டிக்கெட் வாங்கும் இடங்களில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம். மாவட்டங்களில் இருக்கும் மாநில அரசு அருங்காட்சியகங்களில் வாங்குவது சில்லறைக் காசு. இங்கிலாந்தில் தேசிய அருங்காட்சியகங்களை எல்லாம் 2001இல் இலவசமாக்கினார்கள், அங்கே அது பெரிய செய்தி. நம் பக்கத்தில் அந்தச் செய்திக்கு வேலையே இல்லை. ஒரு டீ, ஒரு வடைக்கு ஆகிற காசில் பிள்ளைகள் உள்ளே போய்விடலாம். ஆகவே "கட்டணத்தைக் குறை" என்று கோஷம் போட நான் தயாராக இல்லை.

அடுத்தது போக்குவரத்து. எங்கள் ஊர் நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் நடுவில் இருக்கிறது. ரயில் நிலையமும் உண்டு, பாசஞ்சர் நிற்கும். 2021இல் வந்த திட்டப்படி சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஐந்து வயது வரை குழந்தைகளுக்கும் இல்லை. நானும் அம்மாவும் அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் திருவாரூர் போய் வந்தபோது பஸ்ஸுக்குக் கொடுத்தது பெரியவன் ஒருத்தனுக்கு மட்டும்தான். (ஆறாம் வகுப்பு. "நான் மட்டும் ஆம்பளை, நான் மட்டும் காசு குடுக்குறேன்" என்று வழி நெடுக அலட்டிக்கொண்டே வந்தான்.) அன்றைக்கு ஆன பெரிய செலவு எது தெரியுமா? கோயில் வாசல் கடையில் வாங்கிய தண்ணீர்த் துப்பாக்கி. 80 ரூபாய். அது மறுநாள் காலையே உடைந்துவிட்டது. வாணிபவியல் பாஷையில் இதற்குத் தேய்மானம் 100 சதவீதம் என்று பெயர் :-)

உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் பாடப் புத்தகத்தில் அதற்கு வாய்ப்புச் செலவு என்று பேர். ஒரு பெரியவர் ஒரு முழு நாளைப் பிள்ளைகளுக்காக ஒதுக்கினால் அந்த நாளின் கூலி போய்விடும். டெல்டாவில் இது இன்னும் சிக்கல். மே மாதம் பள்ளி விடுமுறை. அப்போது வாய்க்காலில் தண்ணீர் இல்லை, நடவு இல்லை, பெரியவர்களுக்கு நேரம் இருக்கும், கையில் காசு இருக்காது. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து நடவு தொடங்கினால் கையில் கூலி புழங்கும், ஆனால் ஒரு நாள்கூட விட முடியாது, பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்திருக்கும். நேரமும் காசும் ஒரே மாதத்தில் சேர்ந்து வருவதே இல்லை. "குடும்பத்தோடு ஒரு நாள் சுற்றுலா" என்று வாரப் பத்திரிகைகளில் எழுதுகிறவர்களுக்கு இது தெரியுமா என்று தெரியவில்லை. அவர்கள் கணக்கில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லோருக்கும் லீவு.

இந்த இடத்தை நிரப்ப வேண்டியது பள்ளிக்கூட டூர். ஆனால் டூர் என்றால் என்ன நடக்கிறது? நான் படித்த பள்ளியில் (பெயர் எதற்கு) வருஷா வருஷம் டூர் உண்டு. ஒரு வருஷம் மலை, ஒரு வருஷம் தண்ணீர் விளையாட்டுப் பூங்கா. காசு கட்டியவர்கள் விடியற்காலை மூன்று மணிக்குப் பஸ் ஏறுவார்கள். கட்டாதவர்களுக்கு அன்று வகுப்பு உண்டு, ஆனால் பாடம் நடக்காது. வகுப்பில் பாதிப் பேர் அப்படி உட்கார்ந்து பெஞ்சில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருப்போம். போய் வந்தவர்கள் ஒரு வாரத்துக்கு அதையே பேசுவார்கள். அந்த ஒரு டூருக்கு ஒரு பிள்ளை கட்டிய பணத்தில் அந்த வகுப்பு மொத்தத்தையும் பாசஞ்சர் வண்டியில் திருவாரூர் கூட்டிப்போய் வந்திருக்கலாம் என்பது இப்போது கணக்குப் போட்டால் தெரிகிறது. ஒருத்தரும் வகுப்பில் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

சரி, நாமே கூட்டிக்கொண்டு போகிறோம் என்று வையுங்கள். போன பிறகு என்ன? ஒரு அருங்காட்சியகத்தில் நாங்கள் பார்த்தது இப்படி இருந்தது: வரிசையாகக் கற்சிலைகள், ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு அட்டை. "விஷ்ணு. கருங்கல். 12ஆம் நூற்றாண்டு." அடுத்தது "தேவி. கருங்கல். 12ஆம் நூற்றாண்டு." அக்கா மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருக்கிறாள். நான்கு அட்டையைக் கஷ்டப்பட்டுப் படித்தாள். பிறகு கேட்டாள்: "சித்தி, இவங்களுக்கு ஏன் மூக்கு இல்ல?" அதுதான் அந்த அறையிலேயே முக்கியமான கேள்வி. அதற்கு அட்டையில் பதில் இல்லை. எந்த ஊரில், எந்த வயலில், யார் மண்வெட்டியில் தட்டுப்பட்டது, ஏன் கோயிலில் இல்லாமல் இங்கே நிற்கிறது, எதுவும் இல்லை. கேட்கலாம் என்றால் ஆளும் இல்லை. வாசலில் இருந்த ஊழியர் நல்ல மனிதர், மின்விசிறியைப் போட்டுவிட்டார். அவ்வளவுதான் அவரால் முடியும், விளக்கம் சொல்வது அவர் வேலையும் இல்லை.

பிள்ளைகளுக்கு மியூசியம் அலுப்பாக இருப்பதற்குப் பிள்ளைகள் காரணம் இல்லை. நாம் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவது போல எல்லாவற்றையும் ஒரே இலையில் வைக்கிறோம். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், எல்லாத்தையும் பார்த்துடு" என்று கையைப் பிடித்து இழுக்கிறோம். என் அனுபவத்தில் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பொருள் போதும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றலாம், கதை பேசலாம், வீட்டுக்கு வந்து படம் வரையலாம். அதற்குக் காசு ஆகாது. நமக்குக் கொஞ்சம் முன்கூட்டியே படித்துவைக்கும் வேலை மட்டும் உண்டு.

உதாரணத்துக்கு எங்கள் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். கீழ்வேளூர் கேடிலியப்பர் கோயில் ஒரு மாடக்கோயில். சந்நிதி தரைமட்டத்தில் இருக்காது, படி ஏறித்தான் போக வேண்டும். ஏன் அப்படி என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்டுப் பாருங்கள். காரணமாகச் சொல்லப்படும் கதை யானையைப் பற்றியது. போன பிறவியில் சிலந்தியாக இருந்து ஒரு யானையோடு மல்லுக்கு நின்றவர்தான் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தாராம். அதனால் யானை ஏற முடியாத கோயிலாகக் கட்டினாராம். இதைச் சொன்னதும் இரண்டு பேரும் படியின் அகலத்தைக் காலடியால் அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். யானைக் கால் இதில் பதியுமா, குட்டி யானை என்றால் ஏறுமா, இறங்க முடியுமா என்று அரை மணி நேரம் ஆராய்ச்சி. சிக்கல் கோயிலும் மாடக்கோயில்தான், நாகப்பட்டினம் போகிற வழி. "அங்கயும் போயி அளக்கணும்" என்று தீர்மானம் வேறு.

இந்த யானை ஏறாத யானை. எங்கள் வட்டத்திலேயே நடந்து போன யானை ஒன்றும் உண்டு. பக்கத்தில் ஆனைமங்கலம் என்றொரு ஊர் இருக்கிறது. பஸ்ஸில் போகிறபோது பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்? ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் (இன்றைய சுமத்ரா, மலேசியப் பக்கம்) நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினார். அதன் செலவுக்காக முதலாம் ராஜராஜ சோழன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், ஆனைமங்கலத்தின் வருமானத்தைக் கொடுத்தான். சைவ அரசன், பௌத்தப் பள்ளி, கடல் கடந்த மன்னர், நடுவில் எங்கள் பக்கத்து ஊர் நெல்! அந்தத் தானம் 21 செப்பேடுகளில் எழுதப்பட்டிருக்கிறது. ஊரின் எல்லையைக் காட்ட ஒரு பெண் யானையை நடத்திச் சுற்றி வந்தார்கள் என்று அதிலேயே இருக்கிறது. நில அளவை ஆபீசில் இப்போது யானை இல்லை என்பது பெரியவனுக்கு மிகுந்த வருத்தம்.

எனக்குப் பிடித்தது அதில் இருக்கும் கணக்கு. 97 வேலிக்கு மேல் நிலம். அதிலிருந்து வர வேண்டிய நெல் 8943 கலம், அதற்கு மேல் தூணி, குருணி, நாழி என்று மிச்சம். கடைசி நாழி வரை விடாமல் எழுதியிருக்கிறார்கள். 8 நாழி 1 குருணி, 12 குருணி 1 கலம் என்று சொல்லிக் கொடுத்தால் ஆறாம் வகுப்புப் பையன் ஒரு மதியம் முழுக்க இதைப் பெருக்கிக்கொண்டிருப்பான். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. கரண்ட் இல்லாத மே மாத மதியத்துக்கு இதைவிட மலிவான பொழுதுபோக்கு எனக்குத் தெரியாது.

இப்போது வருத்தமான பகுதி. அந்தச் செப்பேடுகளை டச்சுக்காரர்கள் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் உலகம் முழுக்க அதற்கு லெய்டன் செப்பேடு என்று பெயர் விழுந்துவிட்டது. எழுதியது ஆனைமங்கலத்தைப் பற்றி, பெயர் லெய்டன்! அந்த நாகப்பட்டின விகாரத்தின் செங்கல் கோபுரம் 1867 வரை நின்றது, பிறகு இடித்துவிட்டார்கள். 1856இலிருந்து 1930கள் வரை நாகப்பட்டினத்தில் தோண்டத் தோண்டக் கிடைத்த பௌத்த வெண்கலப் படிமங்கள் 350 அளவில். வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு என்று நாம் தினமும் கடந்து போகும் இடங்கள்தான். அவற்றில் பெரும்பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது, சில வெளிநாடுகளுக்கும் போயின. எழும்பூர் 1851இல் தொடங்கிய பெரிய இடம், அங்கே பத்திரமாக இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கீழ்வேளூர்ப் பிள்ளைக்கு நாகப்பட்டினத்துப் புத்தரைப் பார்க்க ஆகும் செலவு எழும்பூர் டிக்கெட் விலை இல்லை. அதோடு சென்னைக்குப் போகவர ரயில், அங்கே ஒரு இரவு, பெரியவர் ஒருவரின் இரண்டு நாள் கூலி. இந்த வித்தியாசத்தை யாரும் எந்தப் பட்ஜெட்டிலும் எழுதுவதில்லை.

அசலை எல்லாம் திருப்பிக் கொடு என்று நான் சண்டைக்கு வரவில்லை. நான் கேட்பது நகல். சுவாமிமலையில் இன்றும் ஸ்தபதிகள் வெண்கலம் வார்க்கிறார்கள். ஒரே ஒரு புத்தர், ஒரே ஒரு செப்பேடு, பிள்ளைகள் கையில் தொட்டுப் பார்க்கும்படி செய்து ஆனைமங்கலம் பள்ளியிலோ நாகை அருங்காட்சியகத்திலோ வைக்கக்கூடாதா? கண்ணாடிப் பெட்டி வேண்டாம். தொட்டால் தேயட்டும், நகல்தானே. புதிது புதிதாகக் கட்டடம் கட்டி உள்ளே பெரிய திரை வைத்துப் படம் ஓட்டுவதில் காட்டும் ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும். திரையை இந்தக் காலத்துப் பிள்ளைகள் வீட்டிலேயே தேவைக்கு அதிகமாகப் பார்த்துவிட்டார்கள்.

திருவாரூர் பற்றிச் சொல்லாமல் விட்டால் அந்த ஊர் வகுப்புத் தோழிகள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். பிள்ளைகளோடு போக எங்கள் பக்கத்தில் அதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கட்சி. கோயிலும் கமலாலயக் குளமும் ஓடையும் ஆளுக்கு ஐந்து வேலி என்று சொல்வார்கள். ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, ஐந்து வேலி என்றால் சுமார் 33 ஏக்கர். குளத்தை ஒரு சுற்று நடக்கவிடுங்கள், அதன் பிறகு ஏக்கர் என்றால் என்ன என்று பாடத்தில் சொல்ல வேண்டியிருக்காது. தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் 17ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இருக்கின்றன. குரங்கு முகம் கொண்ட முசுகுந்தச் சக்கரவர்த்தி இந்திரனிடமிருந்து தியாகராஜரைக் கொண்டுவந்த கதை, கட்டம் கட்டமாக, கீழே தமிழில் குறிப்போடு. சுருக்கமாகச் சொன்னால் காமிக்ஸ். மண்டபம் திறந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும், அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும், அது உங்கள் பொறுப்பு. விட்டவாசல் பக்கம் மனுநீதிச் சோழனின் கல்தேர். சின்னவள் கன்றுக்குட்டியைப் பார்த்துவிட்டு அழுதாள். அதற்குப் பரிகாரமாகத்தான் தண்ணீர்த் துப்பாக்கி.

ஆழித்தேர் ஓடுவதைப் பார்க்க ஒரு பைசா செலவில்லை. அலங்காரம் எல்லாம் சேர்த்து 96 அடி உயரம், எடை 300 டன் அளவில் என்று சொல்கிறார்கள். இழுப்பதைவிட நிறுத்துவதுதான் வித்தை. திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் ஒரு பக்கம், சக்கரத்தடியில் மரக்கட்டையைக் கொடுத்துத் திசை திருப்பும் ஆட்கள் இன்னொரு பக்கம். "எதுக்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடாதே" என்று வீட்டில் திட்டுகிறோமே, அந்த முட்டுக்கட்டை இதுதான் என்று காட்டினேன். முட்டுக்கட்டை இல்லை என்றால் தேர் வீட்டுக்குள் புகுந்துவிடும் என்று புரிந்துகொண்ட பெரியவன் அன்றிலிருந்து திட்டு வாங்கும்போது பெருமையாக நிற்கிறான்!

தஞ்சாவூர் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள், நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். அரண்மனையில் உலகப் புகழ் பெற்ற சோழர் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. பிள்ளைகள் வீட்டுக்கு வந்து சொன்னது அங்கே இருக்கும் திமிங்கல எலும்புக்கூட்டைப் பற்றி. 1955இல் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது. விடுங்கள், அது அவர்கள் உரிமை. அந்தத் திமிங்கலத்தைச் சாக்காக வைத்து அடுத்த விடுமுறைக்குத் தரங்கம்பாடி போகலாம். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, உள்ளே சின்ன அருங்காட்சியகம், வெளியே கடல். 1845இல் அவர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயக் கம்பெனிக்குப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். ஊரை விற்றவரும் வாங்கியவரும் ஊர்க்காரர்களைக் கேட்கவில்லை. இந்த ஒரு தகவலை வைத்து என் வகுப்பில் அரை மணி நேரம் விவாதம் ஓடியது.

உள்ளூர்ப் பண்பாடு என்றால் கோயிலும் தேரும் மட்டும் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் வட்டத்தில்தான் கீழ்வெண்மணியும் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, நெல் கூலியை உயர்த்திக் கேட்டுச் சங்கமாக நின்ற தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரு குடிசையில் வைத்து எரித்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அங்கே நினைவிடம் உண்டு, ஒவ்வொரு டிசம்பர் 25க்கும் ஜனங்கள் கூடுவார்கள். "பிள்ளைகளிடம் போய் இதையா சொல்வது" என்று அக்கா கோபித்துக்கொண்டாள். சின்னவளிடம் நானும் சொல்லவில்லை. ஆனால் பதினொரு வயதுப் பையனிடம் ஏன் மறைக்க வேண்டும்? கழுகுமலையையும் கல்லணையையும் பாடத்தில் படிக்கிறான், பஸ்ஸில் போகிற தூரத்தில் நடந்தது அவனுக்குத் தெரியக்கூடாதா? அந்த 44 பேரில் அவன் வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள். நாம் சொல்லாவிட்டால் யாராவது ஒருநாள் டீக்கடையில் பாதி பொய் கலந்து சொல்லத்தான் போகிறார்கள்.

நினைவிடத்தில் அவன் அதிகம் பேசவில்லை. கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள் என்று சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டான். "அரைப்படின்னா எவ்வளவு சித்தி?" வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து அப்பாயியின் பழைய இரும்புப் படியை இறக்கினோம். பாதி வரை நெல்லைக் கொட்டி முறத்தில் கவிழ்த்தோம். நெல்லைக் கையால் பரப்பிப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஆனைமங்கலம் கணக்கில் கடைசி நாழி வரை எழுதியிருந்தார்களே, அந்த நெல்லை அறுத்தவர்களுக்கு எவ்வளவு கொடுத்தார்கள், அதுவும் எழுதியிருக்கா என்று கேட்டான். எந்த அருங்காட்சியகத்தின் அட்டையும் அவனுக்கு அந்தக் கேள்வியைக் கொடுத்திருக்காது. அந்தப் படி இப்போது பரணில் இல்லை, அவன் மேஜையில் பென்சில் வைத்திருக்கிறான். அம்மாவுக்கு அதில் ஏக வருத்தம், "அளக்குற படியில பென்சிலா" என்று.

இதைப் படிக்கும் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு யோசனை. நம்மில் பாதிப் பேர் என்.எஸ்.எஸ்.ஸில் இருக்கிறோம். கேம்ப் என்றால் மரக்கன்று நடுகிறோம், கோயில் குளத்தைச் சுத்தம் செய்கிறோம், போட்டோ எடுத்துக்கொள்கிறோம். ஒரு சனிக்கிழமை, ஊராட்சித் தொடக்கப் பள்ளியில் இருபது பிள்ளைகளை, டூருக்குக் காசு கட்ட முடியாதவர்களாகவே பார்த்து, ஆசிரியர் ஒருவரோடு பாசஞ்சரில் கூட்டிப்போனால் என்ன? நம் பங்கு ஒரே ஒரு பொருளைப் பற்றி நன்றாகப் படித்துக்கொண்டு வருவது. நாலு பிள்ளைக்கு ஒருத்தர் போதும். பெற்றோரின் ஒரு நாள் கூலியை நாம் மிச்சப்படுத்திக் கொடுக்கிறோம், செலவில் பெரிய பகுதி அதுதான் என்று மேலே கணக்குப் போட்டாயிற்று. அருங்காட்சியகக்காரர்களும் மனம் வைத்தால் "கருங்கல், 12ஆம் நூற்றாண்டு" என்ற அட்டைக்குக் கீழே இன்னொரு அட்டை ஒட்டலாம்: எந்த ஊர், யார் கண்டெடுத்தது, மூக்கு ஏன் இல்லை. அதை எழுதித் தரவும் நாம் தயார், சம்பளம் வேண்டாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு என்று நினைத்துக்கொண்டு வெள்ளியன்று போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. கோயில் என்றால் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள், கல் தரையும் காலைச் சுடும். புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள், தண்ணீர் இரண்டு பாட்டில். ஒரு நோட்டும் பென்சிலும் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டால் போன் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் அரை மணி தாமதமாகக் கேட்பார்கள். நாற்பது நிமிடத்தில் வெளியே வந்துவிடுங்கள், "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று அவர்களே சொல்லும்போது. பொம்மைக் கடை இருக்கும் வாசல் எது என்று மட்டும் முன்பே விசாரித்துக்கொண்டு, அடுத்த வாசல் வழியாக வரவும்.